கண்ணுக்குத் தெரியாத காயம்: புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் ஆறு வாரங்கள்

அப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பன்னிரண்டாம் நாள், வாசல் குழாயில் பிடித்த ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்து அடுப்படியில் வைத்தார். அன்று மாலை சிறுநீர் மாதுளைச் சாறு போல இறங்கியது. ஒரு வாரமாகத் தெளிவாகப் போய்க்கொண்டிருந்ததால் வீடே பதறிப்போனது. "உடம்பில் ஒரு தையல்கூட இல்லையே, எங்கிருந்து இரத்தம் வருகிறது?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை முன்பே எங்களுக்குத் தெரிந்திருந்தால் அப்பா அந்தக் குடத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதில் பெரும்பகுதி டி.யூ.ஆர்.பி. செய்துகொண்டவர்களுக்கானது. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வயது ஏற ஏறப் பருத்து, சிறுநீர்ப் பாதையை நெரிக்கும்போது செய்யப்படும் சிகிச்சை இது. லேசர் முறையில் செய்துகொண்டவர்களுக்கும் பெரும்பாலும் இதே பொருந்தும். அவர்களுக்கு இரத்தக்கசிவு பொதுவாகக் குறைவு. புற்றுநோய்க்காகச் சுரப்பியையே முழுதாக எடுத்தவர்களுக்கு என்ன மாறும் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் சொன்னதும் இங்கே இருப்பதும் மாறுபட்டால், மருத்துவர் சொல்வதையே பின்பற்றுங்கள். உள்ளே பார்த்தவர் அவர்தான்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

சிறுநீர் வரும் துவாரத்தின் வழியாகவே மெல்லிய கருவியை உள்ளே செலுத்தி, பாதையை அடைத்துக்கொண்டிருந்த சதையைத் துண்டு துண்டாகச் சுரண்டி எடுக்கிறார்கள். ஆரஞ்சுப் பழத்தின் சுளையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் விட்டுவைப்பது போல, சுரப்பியின் வெளிப்புற உறை அப்படியே இருக்கும். உள்ளே ஒரு குழி, அந்தக் குழி முழுவதும் பச்சைப் புண். அந்தப் புண்ணின் மேல்தான் ஒவ்வொரு முறையும் சிறுநீர் பாய்கிறது. எரிச்சல், அவசரம், அடிக்கடி போகவேண்டிய நிலை ஆகிய எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான். புண்ணின் மேல் பொருக்கு கட்டி, அது உதிர்ந்து, புதிய சவ்வு படர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும்.

வயிற்றைக் கிழித்துத் தைத்திருந்தால் வீட்டில் எல்லோரும் அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள், அவரும் அசையமாட்டார். இதில் வெளியே எதுவும் தெரியாது. மூன்றாம் நாளே எழுந்து நடமாடுகிறார், பசிக்கிறது, முன்பைவிடச் சிறுநீர் வேகமாகப் போகிறது. "எனக்குச் சரியாகிவிட்டது" என்று அவரே நம்பிவிடுகிறார். இந்த அறுவையில் வீட்டாருக்கு இருக்கும் பெரிய சிக்கல் அந்த நம்பிக்கைதான்.

வீட்டை முன்பே தயார் செய்யுங்கள்

கட்டில் வேண்டும். பாயில் படுத்துப் பழகியவராக இருந்தாலும் இந்த வாரங்களுக்குக் கட்டிலே நல்லது. சிறுநீர் வடிவதற்காக உள்ளே செருகிய குழாயுடன் (கதீட்டர்) அனுப்பப்பட்டால், சிறுநீர் சேரும் பை எப்போதும் அவருடைய அடிவயிற்றைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். பாயில் படுத்தால் பை தொங்க இடமே இருக்காது.

கழிப்பறை குத்தவைத்து உட்காரும் வகை என்றால், மருந்துக் கடைகளிலும் மருத்துவச் சாதனக் கடைகளிலும் கிடைக்கும் கமோடு நாற்காலி ஒன்றை வாங்கிவிடுங்கள். குத்தவைத்து முக்குவதும், கையை ஊன்றி எழுவதும் அடிவயிற்றுக்கு அழுத்தம் தரும்.

இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். ஈரத் தரை, மடங்கிய மிதியடி, வழியில் கிடக்கும் செருப்பு எதுவும் இருக்கக் கூடாது. சிறுநீர் முட்டும்போது பெரியவர்கள் ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில்தான் விழுவார்கள். கட்டிலருகே ஒரு யூரின் கேன் வைத்துவிட்டால் இரவு ஓட்டமே தேவைப்படாது. அப்பா முதலில் வேண்டாம் என்றார். "இரண்டு வாரத்துக்கு மட்டும்" என்று அம்மா சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

இவற்றோடு அளவுக்கோடு போட்ட ஒரு குவளையும் ஒரு நோட்டும் எடுத்து வையுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதிவைத்தால், மருத்துவரிடம் போகும்போது "அடிக்கடி போகிறார்" என்று பொதுவாகச் சொல்ல வேண்டியிருக்காது. நோட்டை நீட்டினால் போதும்.

டிஸ்சார்ஜ் அன்று கேட்டே ஆகவேண்டியவை

1. இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிட்டுவந்த மாத்திரைகளை எந்தத் தேதியில் மறுபடி தொடங்க வேண்டும்? ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை அறுவைக்கு முன் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். சீக்கிரம் தொடங்கினால் புண்ணில் இரத்தம் கசியும். தொடங்க மறந்தாலோ, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு உயிருக்கே ஆபத்து. அறுவை செய்தவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவுசெய்த தேதியை எழுதி வாங்குங்கள்.

2. புராஸ்டேட்டுக்காக முன்பு சாப்பிட்ட மாத்திரைகளைத் தொடர வேண்டுமா? பலருக்கு இனி தேவைப்படாது. ஆனால் வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவற்றில் சில எழுந்து நிற்கும்போது தலைசுற்றலைத் தரும்.

3. சுரண்டி எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, அறிக்கை எப்போது வரும்?

4. இரவில் அவசரம் என்றால் எந்த எண்ணை அழைப்பது?

குழாயும் பையும்

பலருக்கு மருத்துவமனையிலேயே இரண்டு மூன்று நாட்களில் குழாயை எடுத்துவிடுவார்கள். சிலரைக் குழாயோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படி வந்தால் முதல் நாள் பயமாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் கை பழகிவிடும்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொடுவதற்கு முன்பும் பின்பும், இரண்டு முறையும். குழாய் வெளியே வரும் இடத்தைக் காலையும் மாலையும் சாதாரணச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, குழாயை உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துவிடுங்கள். வெளியிலிருந்து உள்பக்கமாகத் துடைக்கவே கூடாது. முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால், கழுவியதும் அதை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மறந்துவிட்டால் தோல் வீங்கி, வளையம் போல் இறுகிக்கொள்ளும். அது தனி அவசரச் சிகிச்சையில் போய் முடியும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதையும் அங்கே தடவ வேண்டாம்.

குழாயைத் தொடையோடு பிளாஸ்டரால் ஒட்டி, கொஞ்சம் தளர்வு விட்டு வையுங்கள். பையின் எடை குழாயை இழுக்கக் கூடாது. பையைத் தரையில் போடாமல் கட்டில் சட்டத்தில் மாட்டுங்கள். நடக்கும்போது கையில் பிடித்தாலும் முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். தோளில் மாட்டியோ மடியில் வைத்தோ பார்த்திருக்கிறேன். அப்போது பையிலிருந்து சிறுநீர் திரும்ப உள்ளே போகப் பார்க்கும், கிருமியும் கூடவே போகும். கால்சட்டையைவிட வேட்டியும் கைலியுமே இந்த நாட்களுக்குத் தோது. பை பாதிக்குமேல் நிறைந்ததும் காலிசெய்யுங்கள். காலிசெய்யும்போது பையின் வாய் குவளையில் படக் கூடாது.

குழாயின் நுனியில், உள்ளே, தண்ணீர் நிரப்பிய சிறு பலூன் இருக்கிறது. அதுதான் குழாயை வெளியே வராமல் பிடித்துவைக்கிறது. ஆகவே இழுத்துப் பார்க்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் அவர் இழுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில சமயம் அடிவயிறு சுருட்டிப் பிடித்து, குழாயைச் சுற்றியும் சிறுநீர் கசியும். சிறுநீர்ப்பை குழாயை வெளியே தள்ளப் பார்ப்பதால் வரும் பிடிப்பு அது. மலச்சிக்கல் இருந்தால் இது கூடும். அடிக்கடி வந்தால் அதைத் தணிக்க மருத்துவர் மாத்திரை தருவார். பையில் சிறுநீர் விழுவதே நின்றுவிட்டால், குழாய் மடங்கியிருக்கிறதா, அவர் அதன்மேல் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சொட்டும் விழவில்லை, அடிவயிறு கல்லாக உப்புகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குழாய் எடுக்கும் நாள்

காலையிலேயே போய்விடுங்கள். எடுத்தபின் தண்ணீர் குடித்து, இரண்டு முறையாவது தானாகச் சிறுநீர் போனபிறகே அங்கிருந்து கிளம்புவது நல்லது. ஊர் தூரம் என்றால் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. வீட்டுக்கு வந்தபின் இரவில் அடைத்துக்கொண்டால் அந்த வலி தாங்கமுடியாதது.

சிலருக்கு அன்று சிறுநீர் வராது. மறுபடி குழாய் போட்டு, சில நாட்கள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அறுவை தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பல வருடங்கள் அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சோர்ந்துபோன சிறுநீர்ப்பை தேறிக்கொள்ள அவகாசம் கேட்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீர், சாப்பாடு, மலம்

நாளுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் தண்ணீர். 200 மில்லி டம்ளரில் பத்துப் பன்னிரண்டு. காலையிலிருந்து மாலைக்குள் பரவலாகக் குடித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குறைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது. எரிகிறது, அடிக்கடி போகிறது என்று தண்ணீரைக் குறைக்கும் தவற்றைப் பெரும்பாலோர் செய்கிறார்கள். குறைத்தால் சிறுநீர் அடர்ந்து இன்னும் எரியும். கசியும் இரத்தமும் உள்ளேயே கட்டியாகும். ஆனால் இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் வரையறுத்த அளவே.

பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள். பார்லிக் கஞ்சி, மோர் குடிக்கலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம். நெருஞ்சில், நீர்முள்ளி என்று மூலிகைகளைக் காய்ச்சித் தரும் முன், சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். காபி, தேநீர் இரண்டும் சிறுநீர்ப்பையைத் தூண்டும்; காலையில் ஒன்றோடு நிறுத்தினால் அவசரம் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். மது வேண்டவே வேண்டாம். பீட்ரூட்டையும் இந்த வாரங்களில் தள்ளிவையுங்கள். அது கெடுதி என்பதால் இல்லை. சிறுநீரைச் சிவப்பாக்கி வீட்டையே கலங்கடித்துவிடும்.

மலச்சிக்கல் வரவிடக் கூடாது. நான் மூன்று முறை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புவது இதைத்தான். மலக்குடலுக்கு நேர் முன்னால்தான் புராஸ்டேட் இருக்கிறது. முக்கி முக்கி வெளிக்குப் போனால் அந்த அழுத்தம் முழுவதும் புண்ணின்மேல்தான் விழும். கீரை, வாழைத்தண்டு, பப்பாளி, கொய்யா, அவரை, முழுத் தானியக் கஞ்சி ஆகியவை தினமும் ஏதாவது ஒரு வேளையில் இருக்கட்டும். சர்க்கரை நோயாளிக்குப் பழத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறினால் சிறுநீர்த் தொற்றும் எளிதில் வரும். இரண்டு நாள் போகவில்லை என்றால் மூன்றாம் நாளுக்குக் காத்திராமல், மருத்துவர் எழுதித் தந்த மலமிளக்கியைக் கொடுங்கள்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

நடக்கலாம், நடக்கவும் வேண்டும். முதல் நாட்களில் வீட்டுக்குள், பிறகு தெருமுனை வரை. படுத்தே கிடந்தால் கால் இரத்தநாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் இருக்கிறது, மலமும் கட்டும்.

நான்கு முதல் ஆறு வாரம் வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. குடம், வாளி, அரிசிப் பை, காஸ் சிலிண்டர் எல்லாம் இதில் அடங்கும். பேரக் குழந்தையையும் உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்ளலாம். குனிந்து தூக்க வேண்டாம். சைக்கிளும் இரு சக்கர வாகனமும் ஓட்டக் கூடாது; பின்னால் உட்கார்ந்து போவதும் வேண்டாம். குண்டும் குழியுமான சாலையில் இருக்கையின் ஒவ்வோர் அடியும் சரியாக அந்தப் புண் இருக்கும் இடத்தில்தான் விழும். நீண்ட பஸ் பயணத்தையும் மலைக்கோயில் படிகளையும் தள்ளிவையுங்கள். வாளியில் மொண்டு குளிக்கலாம், குழாயோடுகூட. கிணறு, குளம், பம்ப்செட் தொட்டியில் இறங்க வேண்டாம்.

சளி பிடித்தால் மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிவிடாதீர்கள். மூக்கடைப்புக்கான சில மருந்துகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிச் சிறுநீரை அடைத்துவிடும். வலி மாத்திரையும் எழுதித் தந்தது மட்டுமே.

பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை

பொருக்கு உதிரும் நாட்கள் இவை. எதுவும் தூக்காதவருக்குக்கூட அப்போது சிறுநீர் மறுபடி சிவக்கலாம். தண்ணீரை ஓரளவு கூட்டி, அன்று முழுக்கப் படுத்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஒரு நாளில் தெளியும். என் அப்பாவுக்கும் அப்படித்தான் தெளிந்தது. இளஞ்சிவப்பு, எப்போதாவது ஒரு சிறு துணுக்கு என்றால் அஞ்ச வேண்டாம்.

கீழே சொல்பவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டி இல்லை என்றால் 108-ஐ அழையுங்கள்.

- சிறுநீர் கழிக்கவே முடியவில்லை
- இரத்தம் கெட்டியாக வருகிறது, கட்டி கட்டியாக விழுகிறது, தண்ணீர் குடித்தும் தெளியவில்லை
- குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல்
- விதைப்பை வீங்கி வலிக்கிறது
- ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிக்கிறது, அல்லது திடீரென மூச்சு வாங்குகிறது
- பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசுகிறார்

கடைசியாகச் சொன்னதை "வயசாகிவிட்டது" என்று தள்ளிவிடாதீர்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பமாக மட்டும் தொற்று வெளிப்படுவது உண்டு.

கசிவும் கூச்சமும்

குழாய் எடுத்த முதல் வாரங்களில் கழிப்பறை வாசலை அடைவதற்குள் வேட்டி நனைவது சகஜம். பல வருட அடைப்பால் முரட்டுத்தனம் பழகிய சிறுநீர்ப்பை சிறிது சிறிதாகத்தான் அடங்கும். ஆனால் வாழ்நாள் முழுக்க வீட்டைத் தாங்கிய ஒருவர் தன் வேட்டியைத் தானே ஒளித்துவைத்துத் துவைப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கும். வீட்டில் யாராவது ஒருவர், முடிந்தால் மகனோ தம்பியோ, இதைப் பற்றி அவரிடம் நேராகப் பேச வேண்டும். வெளியே போகும்போது பெரியவர்களுக்கான டயப்பரோ உறிஞ்சு பட்டையோ வைத்துக்கொள்வதில் இழிவு ஒன்றும் இல்லை.

குழாய் எடுத்தபின் அடித்தள இடுப்புத் தசைப் பயிற்சியைத் தொடங்கலாம். 1948-இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் பெண்களுக்காக எழுதிய பயிற்சி இது. ஆண்களுக்கும் அதே பலன் தருகிறது.

1. பலர் நடுவே வாயு பிரியாமல் அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குவீர்களோ, அதுதான் நமக்குத் தேவையான தசை. வயிறும் தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது.
2. படுத்தபடி, ஐந்து விநாடி இறுக்குங்கள். ஐந்து விநாடி முழுதாகத் தளர்த்துங்கள். இறுக்குவதைப் போலவே தளர்த்துவதும் முக்கியம்.
3. ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வாரம் போகப் போக, பத்து விநாடி வரை கூட்டலாம்.
4. பழகியபின் உட்கார்ந்தும் நின்றும் செய்யுங்கள். இருமும் முன், எழும் முன் ஒரு முறை இறுக்குங்கள்.

சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்ய வேண்டாம். குழாய் இருக்கும்போதும் வேண்டாம்.

தாம்பத்தியம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பலர் கேட்கத் தயங்கி மனத்துக்குள்ளேயே அஞ்சுகிறார்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, மருத்துவர் அனுமதித்தபின் தொடரலாம். விறைப்பு பெரும்பாலும் முன்பிருந்தபடியே இருக்கும். ஆனால் உச்சத்தின்போது விந்து வெளியே வராமல் இருக்கலாம். சிறுநீர்ப்பையின் வாய் திறந்தே இருப்பதால் அது பின்னோக்கிப் போய், அடுத்த முறை சிறுநீரோடு கலந்து வெளியேறும். டி.யூ.ஆர்.பி. செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான் ஆகிறது. உடம்புக்கு இதனால் தீங்கு இல்லை. இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள் மட்டும் அறுவைக்கு முன்பே இதைப் பேசியிருக்க வேண்டும். மனைவிக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

சுரப்பியை முழுதாக எடுத்தவர்களுக்கு

புற்றுநோய்க்கான அறுவையில் புராஸ்டேட்டை அகற்றிவிட்டு, சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வெளியேறும் பாதையையும் நேராகச் சேர்த்துத் தைக்கிறார்கள். அந்தத் தையல் கூடும் வரை, ஒன்று முதல் இரண்டு வாரம், குழாய் இருந்தே ஆகவேண்டும். அது தவறி வெளியே வந்துவிட்டால், அருகிலுள்ள ஏதோ ஒரு மருத்துவமனையில் மறுபடி போட்டுக்கொள்ள விடாதீர்கள், தையல் கிழியலாம். அறுவை செய்தவரை உடனே அழையுங்கள்.

இவர்களுக்குக் கசிவு கூடுதல் காலம் நீடிக்கும். மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடம் வரைகூட. பயிற்சியை விடாமல் செய்ய வேண்டியது இவர்கள்தான். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டியே ஓடுவதால் அதுவும் பாதிக்கப்படலாம். மருத்துவரிடம் கேட்டால் சிகிச்சை இருக்கிறது. புராஸ்டேட்டில் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரத்தில் செய்வார்கள். சுரப்பியே இல்லாததால் அந்த எண் அளவிட முடியாத அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும்.

ஆறாம் வாரம்

மறுபரிசோதனைக்கு நோட்டையும் மாத்திரைப் பட்டைகளையும் எடுத்துப்போங்கள். சிறுநீரின் வேகத்தையும், கழித்தபின் உள்ளே எவ்வளவு தங்குகிறது என்பதையும் பார்ப்பார்கள்.

சதைப் பரிசோதனை அறிக்கையை அதற்குள் கையில் வாங்கியிருக்க வேண்டும். சாதாரண வீக்கம் என்று சுரண்டி எடுத்த சதையில் எதிர்பாராமல் புற்றுநோய் தென்படுவது சிலருக்கு நேர்கிறது. யாரும் போய் வாங்காததால் ஆய்வகத்திலேயே கிடக்கும் அறிக்கை யாருக்கும் உதவாது. அறிக்கை நல்லபடியாக இருந்தாலும், சுரப்பியின் வெளிப்புற உறை உள்ளே மிச்சம் இருக்கிறது, பின்னாளில் அதில் புற்றுநோய் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள். இனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும் என்று கேட்டு, அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள்.